வெடிச் சத்தம் கேட்டால் ஏன் நெஞ்சு படபடக்கிறது?

நவம்பர் 5ஆம் திகதியையொட்டி இங்கிலாந்து முழுவதும் இரவில் வாணவேடிக்கை நடக்கும். அது கொண்டாட்டம் என்று தெரிந்தும், முதல் வெடி கேட்டவுடன் நிலத்தில் விழுந்து படுத்தீர்களா? "எனக்கு மூளை பிசகிப்போச்சோ" என்று பயந்தீர்களா? அப்படி இல்லை. உங்கள் உடம்பு ஒரு பாடத்தை நன்றாகப் படித்து வைத்திருக்கிறது.

பாடம் எப்படிப் பதிகிறது?

1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், நாய்க்குச் சாப்பாடு கொடுக்குமுன் ஒவ்வொரு முறையும் ஒரு சத்தத்தைக் கேட்க வைத்தார். பிறகு சாப்பாடு இல்லாமலே, அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு வாயூறியது. இதை உளவியலில் நிபந்தனைப்படுத்தல் என்பார்கள்.

பயமும் இப்படித்தான் பதிகிறது. ஹெலிச் சத்தம், பின்னால் ஷெல். இரவில் கதவு தட்டல், பின்னால் சுற்றிவளைப்பு. பயம் பதிய ஒரு தடவையே போதும். அங்கே அந்தப் பாடம் உங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கும். இங்கே அது தேவையில்லை என்பது உடம்புக்கு இன்னும் தெரியாது.

பயத்தைக் குறைக்கலாமா?

குறைக்கலாம். பாவ்லோவ் சாப்பாடு கொடுக்காமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தபோது வாயூறுவது நின்றது. ஆனால் சிறிது இடைவெளிக்குப் பிறகு அதே சத்தத்துக்கு மறுபடியும் ஊறியது. பழைய பாடம் அழியவில்லை, அதன் மேல் புதுப் பாடம் எழுதப்பட்டது. ஆகவே குறைந்த பயம் ஒருநாள் திரும்பி வந்தால் "எல்லாம் வீண்" என்று நினைக்க வேண்டாம்.

1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவன் விருப்பமானதைச் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார். முடிவில் அவன் முயலைத் தடவினான். இன்றைய சிகிச்சைகளிலும் இந்தப் படிப்படியான வழி உண்டு.

நீங்கள் செய்யக்கூடியவை

1. வெடி கேட்டால் மெதுவாக மூச்சு விட்டு, "நான் இப்ப இங்கிலாந்தில இருக்கிறன், இது வாணம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கோ.

2. வெளியே போகாமல் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தால் பயம் குறையாது. நம்பிக்கையான ஒருவருடன் சின்னச் சின்ன அடியாக வெளியே போய்ப் பழகுங்கோ. ஒரேயடியாக உங்களை வருத்த வேண்டாம்.

3. நித்திரை இல்லை, கெட்ட கனவு, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வருகுது என்றால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கோ. இங்கிலாந்தில் அவரிடம் பதிய விசாவோ விலாச அத்தாட்சியோ கட்டாயமில்லை, காசும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். உங்கள் பிள்ளையையோ சொந்தக்காரரையோ மொழிபெயர்க்க விட வேண்டாம்.

4. உங்கள் சட்டத்தரணிக்கும் இதைச் சொல்லுங்கோ. நேர்முக விசாரணையில் நடந்ததைச் சொல்லக் கஷ்டப்படுவீர்கள் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்த உடம்பு புதிதாகவும் படிக்கும். அதற்குக் கொஞ்சம் காலம் கொடுங்கோ.