இலையில்லா ஆர்க்கிட்

"வேர் பச்சையமற்றது, நீரை உறிஞ்சுவதும் செடியை ஊன்றி நிறுத்துவதுமே அதன் பணி." முதலாண்டு வகுப்பில் நான் இப்படி ஒப்புவித்தபோது எங்கள் விரிவுரையாளர் புன்னகைத்தார். கல்லூரி மாமரத்தில் தொற்றியிருந்த வாண்டா ஆர்க்கிட்டிடம் என்னை அழைத்துச் சென்று, அதன் வெளுத்த வேரில் நீர் தெளிக்கச் சொன்னார். சற்று நேரத்தில் வேர் பச்சை நிறம் காட்டியது. "இதற்கு இலையும் உண்டு. வேரை மட்டும் நம்பி வாழும் ஆர்க்கிட் ஒன்று கியூபாத் தீவில் இருக்கிறது. படித்துவிட்டு வாரும்" என்றார். படித்ததை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அதன் பெயர் டென்ட்ரோஃபைலாக்ஸ் லிண்டெனியை. வழக்கில் பேய் ஆர்க்கிட். தாவர சேகரிப்பாளர் லிண்டன் 1844இல் கியூபாவில் இதைக் கண்டார். 1846இல் ஆங்கிலத் தாவரவியலறிஞர் ஜான் லிண்ட்லி, கண்டவர் பெயராலேயே இதை அறிவியலுலகுக்கு அறிமுகப்படுத்தினார். அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடாவிலும் இது வளர்கிறது.

சதுப்புக் காட்டு மரங்களின் பட்டைமேல் இதன் வேர்கள் நாற்புறமும் படர்கின்றன. இது ஒட்டுண்ணி அன்று, தொற்றுத் தாவரம். மரத்திடம் இடம் மட்டுமே பெறுகிறது; சாற்றைத் தொடுவதில்லை. தண்டு மிகக் குறுகியது. இலைகள் வெறும் செதில்களாகிவிட்டன. வேரைச் சுற்றி வெலமன் எனப்படும் பஞ்சு போன்ற உறை உண்டு. அது இறந்த செல்களால் ஆனது. காய்ந்திருக்கையில் செல்களில் காற்று நிறைந்து வேர் சாம்பல் நிறமாய்த் தோன்றும். மழை பெய்ததும் உறை நீரை ஈர்த்துக்கொள்ளும். உள்ளிருக்கும் பச்சையம் வெளியே தெரியும். ஒளிச்சேர்க்கையை வேரே நடத்துகிறது.

கோடையில் மலரும் வெண்ணிறப் பூவில், நீண்ட மெல்லிய குழலின் அடியில் தேன் இருக்கிறது. நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் இரவில் அதைத் தேடி வருகின்றன. ஒரே ஒரு பெரிய அந்துப்பூச்சிதான் மகரந்தம் சுமக்கிறது என்று நெடுநாள் நம்பினர். 2019இல் ஃபுளோரிடாவிலிருந்து வெளியான நிழற்படங்கள், வேறு அந்துப்பூச்சிகளும் சுமப்பதைக் காட்டின.

விதைகளோ தூசி போன்றவை. அவற்றில் சேமித்த உணவில்லை. காட்டில் தகுந்த பூஞ்சை துணை நின்றால்தான் முளைக்கும்.

மரம், ஈரக்காற்று, அந்துப்பூச்சி, பூஞ்சை ஆகிய நான்கும் கூடினால்தான் இச்செடியின் மரபு தொடரும். அழகுக்கு ஆசைப்பட்டுக் காட்டிலிருந்து இதைத் திருடுவோர் உண்டு. செடியைப் பெயர்த்துவிடலாம், அந்த நான்கையும் பெயர்த்துச் செல்ல முடியுமா? சதுப்பு நிலத்தை வற்றவிட்டாலும் முடிவு அதுவே. ஆகவே இச்செடியைக் காப்பது என்பது அந்தக் காட்டைக் காப்பதே.

இனித் தேர்வில் வேரின் வரையறை கேட்டால், "பெரும்பாலும்" என்ற சொல்லைச் சேர்த்தே எழுதுவேன். நண்பர்களே, நீங்களும் அந்த மாமரத்தடிக்கு ஒரு குவளை நீருடன் ஒருமுறை சென்று பாருங்கள்!