ஓடாதே, தம்பி



அன்றைய மத்தியானக் கச்சேரியில் வர்ணத்தை நிதானமாகத்தான் எடுத்தாய். முன்வரிசை மாமா ஒருவர் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். அவ்வளவுதான், உன் காலப்பிரமாணம் ஓட ஆரம்பித்துவிட்டது. கேட்டவர்களில் பாதிப்பேருக்கு அது தெரிந்திருக்காது. வலப்பக்கம் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது; ஈடுகொடுத்தது என் விரல்கள் அல்லவா!

பிறகு காம்போஜி ஆலாபனை. மேல் ஷட்ஜத்தில் நின்று கார்வை கொடுக்க வேண்டிய இடத்தில் பிருகாக்களைக் கொட்டிவிட்டுக் கீழே இறங்கினாய். ஏன் என்று யோசித்தாயா? நிற்கிற குரலில் சுருதி இம்மி விலகினாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஓடுகிற குரலில் ஒளிந்துகொள்ளலாம். இதில் ஆபத்து என்னவென்றால், அந்தப் பிருகாக்களுக்குக் கைதட்டல் விழுந்தது. பயத்துக்கு ஒரு முறை கைதட்டு கிடைத்துவிட்டால் அது வித்வத் என்ற பெயரில் குடியேறிவிடும்.

அந்த முன்வரிசை மாமாவின் நோட்டைப் பிற்பாடு எட்டிப் பார்த்தேன். ராகம், தாளம், யார் கிருதி. ஒரு ராகத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. பக்கத்து சீட்டுக்காரர் கேட்டுவிடுவாரோ என்று அவருக்கும் உள்ளூர உதறல் இருந்திருக்கும்.

அதற்காக, யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். சொல்வார்கள். பாடகர் எம்.டி.ராமநாதனையே சொன்னார்கள். 1923இல் பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்ராவில் பிறந்து, டைகர் வரதாச்சாரியாரிடம் கற்று, கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தவர். அடித்தொண்டைக் கனம், அசையாத விளம்பம். மற்றவர்கள் துள்ளலாகப் பாடும் ‘ஸாமஜவரகமனா’வை அவர் நிதானமாக, ஒவ்வொரு சங்கதிக்கும் மூச்சுவிட இடம் கொடுத்துப் பாடுவார். தூக்கம் வருகிறது என்று கேலி பேசியவர்கள் உண்டு. அவர் வேகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சங்கீத கலாநிதி விருது கிடைக்காமலே 1984இல் போய்விட்டார். இன்று அவருடைய ஒலிப்பதிவுகளைத் தேடித்தேடிக் கேட்கிறார்கள். அதற்காக நீயும் விளம்பத்தில் பாடு என்று சொல்லவில்லை. அவருடைய நடை அவருக்கு. உன் நடை எதுவோ, அதை நோட்டுக்காரருக்காக மாற்றாதே என்கிறேன்.

மிருதங்கக்காரர்கள் எங்களைப் பார். தனி ஆவர்த்தனம் என்றதும் பாதி சபை கேன்டீனுக்கு எழுந்துவிடும். கோர்வையை முடிக்காமலா விடுகிறோம்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விடிகாலையில் தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு அகார சாதகம் செய். ஒரு ஸ்வரத்தில் மூச்சு முடிகிறவரை நில். மேடையில் மைக்செட்காரரிடம் சொல்லி, உன் மானிட்டரில் தம்புராவை நன்றாகக் கேட்கும்படி வைத்துக்கொள். காது அங்கே இருந்தால் கண் முன்வரிசைக்குப் போகாது. போனாலும் தாளம் போடும் உன் கையைப் பார். பயம் முதலில் அங்கேதான் தெரியும். கச்சேரிப் பதிவைக் கேட்கும்போது, பல்லவியில் எடுத்த காலம் சரணத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார். அபிப்பிராயத்தை உன் குருவிடம் கேள். வயலின்காரரிடமும் கேள். அவர்களுக்குக் காது உண்டு, உன்மேல் அக்கறையும் உண்டு. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு போதும்.

அடுத்த கச்சேரிப் பட்டியலில் ‘அக்ஷயலிங்க விபோ’வைச் சேர்த்துக்கொள். சௌக்கமான உருப்படி, அதில் ஓட வழியில்லை. அப்படியும் ஓடினால் நான் கூடவே வரமாட்டேன், எடுத்த காலத்திலேயே பிடித்து நிறுத்துவேன். மேடையில் என்னை முறைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகைக்கு வா. மிருதங்கத்தை ஒரு கட்டையில் சேர்த்து வைக்கிறேன்.