கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முதுகு வலிக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வைரஸ், பிரிண்டர், இன்டர்நெட் பற்றியதாகவே இருக்கும். இரண்டாவது மாதத்தில் வேறொரு கேள்வி வரும். "முதுகு பிடித்துக்கொள்கிறது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, என்ன செய்யலாம்?" இதற்கு செட்டிங்ஸ் பகுதியில் வழி எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு டென்னிஸ் பந்தும் ஒரு சுவரும் இருந்தால் ஓரளவு நிவாரணம் தேடிக் கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போம்.

தறியும் கம்ப்யூட்டரும்

காஞ்சிபுரத்துக்காரனான எனக்கு இந்த வலி புதிய விஷயம் இல்லை. பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு இதைக் கேட்கலாம். குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். பார்வை பாவின் மேல் இருப்பதால் முதுகு முன்னால் வளைந்தே இருக்கும். முன்பு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து அட்டையில் துளையிட்ட ஜக்கார்டு டிசைன்களை இப்போது கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். ஆக, அப்பா தறியில், பிள்ளை மானிட்டர் முன். இருவருக்கும் வலிக்கும் இடம் என்னவோ ஒன்றுதான்: பிடரி, தோள்பட்டை, இடுப்புக்குச் சற்று மேலே.

காரணம் எளிது. நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. அது தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை கழுத்துக்குச் சிரமம் இல்லை. ஸ்கிரீனைப் பார்க்க முன்னால் நீட்டினால், அதைத் தாங்கிப் பிடிக்கப் பிடரித் தசைகள் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு விதத்தில் தறி நம் நாற்காலியைவிட மேல். நெசவாளரின் கால்கள் ஓயாமல் அசைகின்றன. இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், நெய்த துணியைச் சுற்ற வேண்டும் என்று அவ்வப்போது வேலை மாறும். கம்ப்யூட்டரில் மவுஸைப் பிடித்திருக்கும் கையைத் தவிர வேறெதுவும் அசைவதில்லை.

மசாஜ் என்ன செய்யும்?

நீவிவிட்டால் இறுகிய தசை தளர்ந்தது போல் இருக்கும், வலி சிறிது நேரத்துக்குக் குறையும், அசைவு இலகுவாகும். அவ்வளவுதான். விலகிய டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சியோடு மசாஜையும் பயனுள்ள முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பலர் வாங்கி மாட்டிக்கொள்ளும் இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. பெல்ட்டுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு தனி கீபோர்டு வாங்கலாம் என்பது என் கருத்து.

செய்முறை

முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை வலிக்கும் இடத்தில் 10 நிமிடம் போடுங்கள். தோல் சுடாத சூடு போதும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

தோள்பட்டை: வலது கையை மார்பின் குறுக்கே கொண்டுபோய், இடது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள சதையை விரல்களால் பிடியுங்கள். 20 முதல் 30 விநாடி அழுத்தி, மெதுவாக மூச்சு விட்டபடியே தலையை வலப்பக்கம் சாயுங்கள். மூன்று முறை செய்து, பிறகு பக்கம் மாற்றுங்கள். கழுத்தின் முன்பக்கத்தையும், நாடித் துடிப்பு தெரியும் பக்கவாட்டையும் ஒருபோதும் அழுத்த வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அங்கேதான் இருக்கிறது.

முதுகு: டென்னிஸ் பந்தை ஒரு பழைய சாக்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். சாக்ஸின் நுனியைக் கையில் பிடித்திருந்தால் பந்து கீழே விழாது. சுவரில் சாய்ந்து, முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் இடையிலான சதையில் பந்து படும்படி நில்லுங்கள். முழங்காலை மெல்ல மடக்கி நீட்டினால் பந்து மேலும் கீழும் உருளும். அதிகம் வலிக்கும் புள்ளியில் நிறுத்தி அரை நிமிடம் சாயுங்கள். எலும்பின் மேல் மட்டும் பந்து ஏறக் கூடாது. அழுத்தம் "இதமான வலி" அளவில் இருக்க வேண்டும். பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் அது அதிகம்.

இடுப்பு: இதே பந்தைப் புட்டத்தின் மேல்பகுதியில் வைத்து உருட்டுங்கள். இடுப்பு வலிக்குப் பலருக்கு இது உதவுகிறது. விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் பகுதியில் பந்தை வைத்து அழுத்த வேண்டாம்.

முன்கை: சிறிது நல்லெண்ணெய் தடவி, மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கிக் கட்டை விரலால் நீவுங்கள். கீபோர்டைத் தொடும் முன் கையைக் கழுவிவிடுங்கள்!

எப்போது செய்யக் கூடாது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். வலி ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே இறங்கினால், பாதம் மரத்துப் போனால், கால் பலமிழந்தால் பந்தை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். விழுந்து அடிபட்ட பின் வரும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி ஆகியவற்றுக்கும் இதேதான். சிறுநீர் வெளியேறுவதில் கட்டுப்பாடு போனாலோ, தொடைகளின் உள்பக்கம் உணர்ச்சி இல்லாமல் போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் அதையும் நீவக் கூடாது, ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

சேலைக்குச் சேலை கூலி வாங்கும் நெசவாளர்கள் ஒரு நாள் தறியை விட்டால் அந்த நாளின் வருமானம் போய்விடும் என்று இந்த அறிகுறிகளைக்கூடப் பொறுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பதும் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது

மானிட்டரின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். லேப்டாப் என்றால் கீழே நான்கைந்து தடிமனான புத்தகங்களை அடுக்கி உயர்த்தி, தனி கீபோர்டும் மவுஸும் இணையுங்கள். பாதங்கள் தரையில் படியவில்லை என்றால் ஒரு பலகை போடுங்கள்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் பட்டனை க்ளிக் செய்து, ஆங்கிலத்தில் க்ளாக் என்று டைப் செய்து அந்த புரோகிராமைத் திறக்கவும். இடப்பக்கம் டைமர் என்பதைத் தேர்வு செய்து, கூட்டல் குறியை க்ளிக் செய்து 30 நிமிடம் கொடுத்து சேவ் செய்யுங்கள். மணி அடித்ததும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். எழுவதற்கு முன் கண்ட்ரோல் கீயுடன் எஸ் கீயை அழுத்தி ஃபைலையும் சேவ் செய்துவிட்டால், இடையில் கரன்ட் போனாலும் கவலை இல்லை.