கோழி ஓடுகிறது, கேமரா துரத்துகிறது: தொடக்கக் காட்சியைப் பிரித்துப் படிப்போம்

வீட்டில் வீடியோ எடிட் செய்பவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. காட்சி விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் உடனே துண்டு துண்டாக வெட்டிவிடுவார்கள். வேகம் கிடைக்கும், ஆனால் பார்ப்பவருக்கு யாரைப் பார்ப்பது, எதற்குப் பயப்படுவது என்று தெரியாது. வேகமாக வெட்டியும் குழப்பாத ஒரு காட்சியை எடுத்து, கம்ப்யூட்டரில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அதன் ரகசியம் பிடிபடும். இந்தப் பாடத்திற்கு 2002ல் வெளியான "சிட்டி ஆப் காட்" என்ற பிரேசில் படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்துக் கொள்வோம்.

பாலோ லின்ஸ் 1997ல் வெளியிட்ட நாவலைத் தழுவிய படம் இது. இயக்கியவர் பெர்னாண்டோ மெய்ரெல்லஸ். இணை இயக்குநர் காத்தியா லுண்ட். ஒளிப்பதிவு செஸார் ஷார்லோன், எடிட்டிங் டேனியல் ரெசெண்டி. ரியோ டி ஜெனிரோ நகரின் மேற்கே, குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக 1960களில் அரசு கட்டிய குடியிருப்பில் வளரும் இளைஞர்களின் கதை. நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்நகரின் குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த, நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞர்கள். எடிட்டிங்கிற்காக பிரிட்டனின் பாப்டா விருது பெற்றது. வன்முறை மிகுந்த படம் என்பதால் சிறுவர்களுடன் பார்க்க வேண்டாம்.

தேவையானவை

இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயர் ஒன்று போதும். வீடியோ ஓடும்போது ஆங்கில "இ" எழுத்துக் கீயை அழுத்தினால் படம் நின்று, ஒவ்வொரு அழுத்தத்திற்கும் ஒரு பிரேம் நகரும். இடது சதுர அடைப்புக்குறிக் கீ வேகத்தைக் குறைக்கும். வலது கீ கூட்டும். ஷிப்ட் கீயுடன் இடது அம்புக்குறியை அழுத்தினால் சில விநாடிகள் பின்னே போகலாம். ஷிப்ட் கீயுடன் "எஸ்" அழுத்தினால் அந்தப் பிரேம் படமாகச் சேமிக்கப்படும்.

அடுத்து எக்ஸெல் அல்லது அதுபோன்ற ஒரு புரோகிராமில் ஐந்து நெடுவரிசைகள் அமைத்திடுங்கள்: ஷாட் எண், நேரம், கேமரா எவ்வளவு அருகில், யார் பார்க்கிறார், என்ன ஒலி. நான்காவது நெடுவரிசைதான் முக்கியம்.

1. கத்தியும் இருட்டும்

முதலில் தெரிவது கல்லில் தீட்டப்படும் கத்தி. ஒரு கணம் கத்தி, மறுகணம் கறுப்புத் திரை, மீண்டும் கத்தி. ஒவ்வொரு ஷாட்டும் மிகச் சிறியது. ஆனாலும் குழப்பம் இல்லை. காரணம், தீட்டும் ஒலி படத்தைக் கோத்துப் பிடிக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், காட்சி சிதறிப்போகும். முதல் பாடம்: படத்தை எவ்வளவு துண்டாக்கினாலும் ஒலி இழை அறுபடக் கூடாது.

2. கோழியின் முகம்

பிறகு இசை, வாத்தியங்களில் கைகள், சீவப்படும் கேரட், வெட்டி இறகு பிடுங்கப்படும் கோழிகள். விருந்துக்கான ஏற்பாடு. இதற்கிடையே காலில் கயிறு கட்டப்பட்ட ஒரு கோழியின் முகம் மிக அருகில் அடிக்கடி வருகிறது. மற்றக் கோழிகளுக்கு நடப்பதை அது பார்த்துக் கொண்டிருப்பதாக நாமே நினைத்துக் கொள்கிறோம். கோழி நடிக்கவில்லை, "பார்க்கும் முகம், பார்க்கப்படும் பொருள்" என்று அடுத்தடுத்து ஒட்டியதால் அந்த அர்த்தம் பிறக்கிறது. உங்கள் அட்டவணையில் "யார் பார்க்கிறார்" என்ற இடத்தில் "கோழி" என்று எழுதுங்கள்.

3. தரை மட்டத்துக் கேமரா

கோழி கயிற்றை விட்டு ஓடுகிறது. துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் சிரித்துக் கொண்டே துரத்துகிறார்கள். கேமரா கோழியின் உயரத்திற்கு இறங்கிவிடுகிறது. துரத்துபவர்களுக்கு இது விளையாட்டு. கோழிக்கு உயிர்ப் பிரச்சினை. கீழே இருந்து பார்ப்பதால் நாம் கோழியின் பக்கம் நிற்கிறோம்.

4. இரண்டு பாதைகள்

இந்த ஓட்டத்திற்கு நடுவே வேறு ஒரு தெருவில் ராக்கெட் என்ற இளைஞன் நண்பனுடன் பேசிக்கொண்டு வருகிறான். அவனிடம் இருப்பது துப்பாக்கி அல்ல, கேமரா. ஓட்டம், நடை என இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டுகிறார்கள். இரண்டும் எங்கோ சந்திக்கப் போகின்றன என்று யாரும் சொல்லாமலே புரிகிறது.

5. சுற்றும் கேமரா

கோழி ராக்கெட்டின் முன் வந்து நிற்கிறது. எதிரே கும்பல். அதன் தலைவன் கோழியைப் பிடிக்கச் சொல்கிறான். ராக்கெட் குனிந்து கைகளை விரிக்கிறான். அதற்குள் பின்னால் போலீஸ் வந்து விடுகிறது. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. இதுவரை கோழி நின்ற இடத்தில் இப்போது ஒரு மனிதன் நிற்கிறான். தொடக்கத்திலிருந்து கோழியின் பக்கம் நம்மை நிறுத்தியது இதற்காகத்தான்.

அப்போது கேமரா அவனைச் சுற்றுகிறது. சுற்றி முடிவதற்குள் காலம் 1960களுக்குப் போய்விடுகிறது. அதே குனிந்த நிலையில், கால்பந்து கோல் முன் நிற்கும் சிறுவன் அவன். நிறமும் வெயில் காய்ந்த மண் நிறமாகிறது. இந்த இடத்தைப் பிரேம் பிரேமாகப் பாருங்கள். உடலின் நிலை மாறாததால்தான் காலம் மாறியது கண்ணை உறுத்துவதில்லை.

படம் முடிவதற்கு முன் கதை மீண்டும் இந்தத் தெருவுக்கே வரும். அப்போது, பிழைப்பதற்குக் கேமரா என்ற ஒரு வழியைத் தேடிய இளைஞன் ஏன் இங்கே சிக்கினான் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

செய்து பார்க்க

செல்போனில் வீட்டுக் காட்சி ஒன்றை எடுங்கள். சமையலறையில் மீன் நறுக்குவதும், அதையே பார்த்து நிற்கும் பூனையும் போதும். மீனைத் தனியாக, பூனையின் முகத்தைத் தனியாக, பூனையின் உயரத்திலிருந்து ஒருமுறை எடுத்திடுங்கள். இலவச ஷாட்கட் புரோகிராமில் கிளிப்பை டைம்லைனில் போட்டு, தேவையான இடத்தில் "எஸ்" கீயை அழுத்தினால் வெட்டப்படும். கத்தியின் ஒலியை மட்டும் வெட்டாமல் முழுவதும் ஓட விடுங்கள்.

ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் "இப்போது யார் பார்க்கிறார்?" என்று கேட்டுக் கொள்ளுங்கள். பதில் இல்லாத வெட்டை நீக்கி விடுங்கள். மீதமுள்ள வீடியோ சிறியதாக இருக்கும். பார்ப்பவர் கண்ணை எடுக்க மாட்டார்.