ரத்தக்கட்டியைத் தடுக்க எந்த மாத்திரை?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களின் கவனத்துக்கு:

1. மேலறைகள் சரியாகச் சுருங்காததால், இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த ஆபத்து மற்றவர்களைவிட சுமார் 5 மடங்கு அதிகம். படபடப்பு இல்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

2. வயது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முன்பு வந்த பக்கவாதம் இவற்றை வைத்துத்தான் மாத்திரை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். உங்கள் ஆபத்து எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. வால்வின் நிலையைக் காட்டும் எக்கோ ரிப்போர்ட்டை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், மிட்ரல் வால்வு ஓரளவுக்கு மேல் சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற பழைய மாத்திரைகளே ஏற்றவை. ருமாட்டிக் இதயநோய் உள்ளவர்களிடம் நடத்தி 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், புதிய மாத்திரையான ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிட பழைய மாத்திரை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. 'புதுசுதான் நல்லது' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பி மாற்றிவிடாதீர்கள்.

4. பழைய மாத்திரைக்கு, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை அவசியம். பெரும்பாலும் 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். கீரையை ஒதுக்க வேண்டாம். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் கீரையே இல்லை என்றால்தான் கணக்கு தவறும்.

5. மேலே சொன்ன வால்வுக் கோளாறுகள் இல்லாதவர்களுக்கு அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டபிகாட்ரான் வசதியானவை. மூளைக்குள் ரத்தக்கசிவும் வார்ஃபரினைவிடக் குறைவு. ஆனால் சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுங்கள். டபிகாட்ரான் கேப்சூலைப் பிரித்துப் போடக்கூடாது. இவற்றின் வேலை ஓரிரு நாளில் அடங்கிவிடும் என்பதால், மாதக் கடைசியில் காசில்லை என்று விடுவது பேராபத்து. மாதச் செலவை முதலிலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். தயங்க வேண்டிய விஷயமல்ல.

6. ஆஸ்பிரின் இந்த மாத்திரைகளுக்கு மாற்று ஆகாது.

7. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும். பல் பிடுங்கும்போதும் நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

8. ரத்தக்கசிவால் மாத்திரையே தொடர முடியாதவர்களுக்கு, அந்தச் சிறு பையை அடைக்கும் கருவி உண்டு. பொருந்துமா என்று கேளுங்கள்.

9. மலம் கறுத்துப் போனாலோ தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனை. வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் 108-ஐ அழையுங்கள். கடைசி மாத்திரை எடுத்த நேரத்தை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பதை அதை வைத்தும் முடிவு செய்வார்கள்.