ஈப்போவுக்கு வர்றியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு வா

தங்கச்சி, ஸ்கூல் லீவுக்கு நீ ஈப்போ வர்றது எனக்கு ரொம்ப சந்தோஷம். ரெண்டு நாளாவது ஒதுக்கிக்கோ: ஒண்ணு டவுனுக்கு, ஒண்ணு தோட்டப் பக்கத்துக்கு. ஈயமும் ரப்பரும்தான் இந்த ஊரை வளர்த்துச்சு. சாப்பிட்டுட்டு மட்டும் திரும்பினா பாதி ஊரை விட்டுட்டுப் போறேன்னு அர்த்தம்.

1. ரயில்ல வா
கோலாலம்பூர்ல இ.டி.எஸ். ஏறினா ஏறக்குறைய ரெண்டரை மணி நேரம். தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறைன்னா டிக்கெட்டை முன்னாடியே எடுத்துடு. இறங்கற ஸ்டேஷனையே நின்னு பாரு. ஹப்பாக்ங்கற கட்டடக் கலைஞர் வரைஞ்ச கட்டடம், 1917-ல முடிஞ்சது. எதிர்ல டவுன் ஹால். கொஞ்சம் நடந்தா 1909-ல எழுப்பின பர்ச் மணிக்கூண்டு.

2. காலையிலேயே பசியாறிடு
பழைய டவுன் கோப்பிக் கடைகள் பல மதியத்தோட மூடிடும். வெள்ளைக் கோப்பி அங்கேதான் குடிக்கணும். கொட்டையை மார்ஜரின் போட்டு வறுத்து, கெட்டிப்பால் கலந்து தருவாங்க. வாரத்துல எந்த நாள் லீவுன்னு கடைக்குக் கடை மாறும், கேட்டுட்டுப் போ.

3. தவ்கே கோழி சாயங்காலம்
புது டவுன்ல யாவ் டெட் ஷின் சாலைக்குப் போ. இந்த ஊர் தவ்கே, அதாவது பயறு முளை, குட்டையா, பருமனா இருக்கும். சுண்ணாம்பு மலைத் தண்ணிதான் காரணம்னு ஊர்க்காரங்க சொல்வாங்க.

4. சைவமா? கேட்டு வாங்கு
தவ்கே மேல கோழிச் சாறு ஊத்தியிருப்பாங்க, கூடவே வர்ற கொய்தியாவ் நூடுல்ஸ் சூப்ல இறால் இருக்கும். வெள்ளிக்கிழமை விரதம்னா நேரா லிட்டில் இந்தியாவுக்கு வந்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிடு.

5. கச்சான் புந்தோங்ல வாங்கு
முறுக்கு, ஓமப்பொடி, கடலைன்னு நம்மாளுங்க தலைமுறையா போடற இடம். தயாரிக்கற இடத்திலேயே வாங்கினா மொறுமொறுப்பா கிடைக்கும். தம்புன் பக்கம் போனா பம்ளிமாஸையும் மறக்காதே.

6. மலைக் கோயில்களுக்கு வெயிலுக்கு முன்னாடி போ
குனோங் சீரோ முருகனைக் கும்பிட்டுட்டு, 1926-ல தொடங்கின பேராக் தோங் குகைக்குப் போ. உள்ளே படியேறினா ஊரே தெரியும். மழை நாள்ல படி வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு போட்டுக்கோ.

7. கெல்லி மாளிகையோட நிறுத்திடாதே
பத்து காஜா பக்கம் கெல்லி ஸ்மித்ங்கற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் 1915-ல கட்டத் தொடங்கினது. 1926-ல அவர் லிஸ்பன்ல இறந்ததும் வேலை பாதியில நின்னுடுச்சு. கட்டினவங்கள்ல நம்ம தமிழ்த் தொழிலாளிங்க உண்டு. அவங்க நோயில விழுந்தப்போ கேட்டுக்கிட்டதால அவர் கட்டிக் கொடுத்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கு. அவரோட சிலையும் கோயில் மேல நிக்குது. எல்லாரும் மாளிகையில படம் எடுத்துட்டுத் திரும்பிடறாங்க, நீ கோயிலுக்கும் போ. திரும்ப வண்டி கிடைக்கறது கஷ்டம், அதனால காடியை வாடகைக்கு எடு.

8. கோலா கங்சார்ல மரத்தைப் பாரு
1877-ல நட்ட ரப்பர் மரம் ஒண்ணு இன்னும் இருக்கு. அங்கேயே உபுடியா மசூதியும் இருக்கு. அதையும் ஹப்பாக்தான் வரைஞ்சார், அதே 1917-ல முடிஞ்சது.

9. பெரியவங்களைக் கூட்டிட்டு வா
அம்மாவோ பாட்டியோ பால்மரம் வெட்டின தோட்டம் இந்தப் பக்கம்னா, அதோட அதிகாரப்பூர்வப் பேரைக் கேட்டு எழுதிக்கோ. நாம கூப்பிட்ட பேர் வரைபடத்துல இருக்காது. இப்ப அங்கே செம்பனைதான் நிக்கும், லயமும் இல்லாம போயிருக்கலாம். ஆனா கோயிலோ தமிழ்ப்பள்ளியோ மிச்சம் இருக்கலாம். உள்ளே போறதுக்கு முன்னாடி காவலாளிக்கிட்ட அனுமதி கேளு. பாட்டியை முன் சீட்ல உட்கார வை, வழி அவங்க சொல்லட்டும். பேசறதைப் போன்ல பதிவு பண்ணிக்கோ. அந்தக் கதையை நமக்காக வேற யாரும் எழுதி வைக்கப் போறதில்லை, தங்கச்சி. அவங்க சொல்ற நிலையில இருக்கும்போதே கேட்டுடு.