யாழ்ப்பாணச் செம்மறியும் வயற்பட்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டுவரும் செம்மறியாடு இலங்கையின் சுதேச இனமாகும். தென்னிந்தியச் செம்மறிகளின் வழிவந்ததாகக் கருதப்படும் இவ்வாடு கம்பளி அற்றது, குறுமயிர் கொண்டது, உடலாற் சிறியது. வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கி, அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் தாளையும் புல்லையும் மேய்ந்து வாழவல்லது. 1995 ஆம் ஆண்டில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பல குடும்பங்கள் தம் கால்நடைகளை இழந்தன. எஞ்சிய மந்தைகளைப் பேணுவதில் வட்டுக்கோட்டை, அராலி, சங்கானை, சுழிபுரம் ஆகிய ஊர்களின் கமக்காரர் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு.

இனம் குன்றும் வழி

ஓர் இனம் நோயினால் மட்டும் குன்றுவதில்லை. விற்பனை முறையினாலும் குன்றும். விரைந்து வளரும் கடாக்குட்டிக்கு நல்ல விலை கிடைப்பதால் அதுவே முதலில் இறைச்சிக்குப் போகின்றது. விலைபோகாத மெலிந்த குட்டி பட்டியில் தங்கி, அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகின்றது. விதைநெல்லுக்கு நெற்பொலியின் சிறந்த பகுதியை ஒதுக்கிவைக்கும் கமக்காரர், ஆட்டில் மட்டும் இதற்கு மாறாகச் செய்தல் தகாது. ஆகவே, சிறந்த கடாக்குட்டியைத் தெரிந்து அடையாளமிட்டு வைத்த பின்னரே ஏனையவற்றை விற்றல் வேண்டும்.

உடற்பருமனை விரும்பிப் பிற இனக் கடாவைக் கலப்போரும் உளர். அவ்வாறு பிறக்கும் குட்டி பெருத்து வளரலாம். ஆயின் அதற்கேற்ற தீனியும் வேண்டும். எல்லோரும் கலப்பாராயின் தூய இனம் மீண்டும் கிடைத்தற்கரியதாகிவிடும்.

கடாவைத் தெரிதலும் மாற்றுதலும்

கடா நேரான கால்களும் அகன்ற மார்பும் உடையதாய், இரு விதைகளும் சமமாக அமைந்ததாய் இருத்தல் வேண்டும். நல்ல தாய்க்குப் பிறந்து, ஒன்றரை வயது நிரம்பியிருப்பது நன்று. இருபது முதல் இருபத்தைந்து பெண்ணாடுகளுக்கு ஒரு கடா போதும்.

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். ஆவணி மாதத்திற் கடாவைச் சேர்த்தால் தை மாதத்திற் குட்டிகள் பிறக்கும். அப்பொழுது பெருமழை ஓய்ந்திருக்கும். காலபோக அறுவடையும் தொடங்குமாதலால் தாய்க்கு மேய்ச்சல் கிட்டும். மாரி நடுவிற் பிறக்கும் குட்டிகள் குளிராலும் ஈரத்தாலும் மடிவதுண்டு.

முதலாண்டுத் தையிற் பிறந்த மறிகள் அதே ஆண்டு ஆவணியில் ஏழு மாதத்தினவே. அவற்றைக் கடாவிடம் விடலாகாது. அடுத்த ஆவணியில் அவை சினைக்குத் தகுதியாகும்போது அவற்றின் தந்தை அப்பட்டியில் இருத்தல் கூடாது. எனவே ஒரு கடாவை இரண்டு ஆவணிகளுக்கு மட்டும் வைத்திருந்து, பின் அயலூர்க் கமக்காரரின் உறவற்ற கடாவுடன் மாற்றிக்கொள்க. நாலைந்து குடும்பங்கள் கூடி இவ்வாறு செய்யின் பணச்செலவின்றியே உறவுக்கலப்பைத் தவிர்க்கலாம். பிறந்த நாள், தாய், தந்தை ஆகிய விபரங்களை ஒரு கொப்பியிற் குறித்து வருதல் இன்றியமையாதது.

பட்டியடைத்தல்

2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கமக்காரர் பட்ட இடர் யாவரும் அறிந்ததே. சொந்த எரு உள்ளவர்க்கு இத்தகைய காலத்தில் ஓரளவு ஆறுதல் உண்டு. மாட்டெருவிலும் ஆட்டெருவில் நைதரசன் மிகுதி. பட்டியடைப்பின் மற்றொரு சிறப்பு யாதெனில், எருவுடன் சிறுநீரும் மண்ணிற் சேர்வதாகும், சுமைகூலியும் இல்லை.

இருபது ஆடுகளுக்கு ஐந்து மீற்றர் நீளமும் ஐந்து மீற்றர் அகலமும் உள்ள பட்டி போதும். அதனை இரவுதோறும் இடம்மாற்றி வந்தால், பத்துப் பேர்ச்சு கொண்ட ஒரு பரப்பு நிலம் பத்து இரவுகளில் எருவூட்டப்பெறும். எரு வெயிலிற் காய்ந்து கிடப்பின் அதன் நைதரசனில் ஒரு பகுதி காற்றிற் போய்விடும். ஆகையால் உழவுக்கு அண்மிய நாட்களிற் பட்டியடைத்து, தாமதியாது உழுதல் நன்று. கத்தரி, மிளகாய், வெங்காயத் தோட்டங்களுக்குப் புதிய எருவை இடாது, இரண்டு மூன்று மாதங்கள் குவித்து மக்கச்செய்த பின் இடுக.

தீனியும் பாதுகாப்பும்

மேய்ச்சல் குறையும் காலத்தில் வேலியிலுள்ள பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் குழைகளை வெட்டிக் கொடுக்கலாம். சீமைக்கிளுவைக் குழையைச் சிறிது வாடவிட்டு, முதலிற் சிறிதளவாகக் கொடுத்துப் பழக்குக.

செம்மறிக்குச் செம்புச்சத்து மிகுதல் நஞ்சாகும். ஆதலின் செம்பு கலந்த பூசணநாசினி தெளித்த தோட்டத்துக் களைகளை அதற்கு இடாதீர். மாட்டிற்கான தாதுக்கலவையையும் கொடாதீர்.

வழுக்கையாற்றை அடுத்த தாழ்நிலங்களில் மாரிக்காலத்தில் நீர் தங்குவதால் அங்கே மேய்க்கும் ஆடுகளுக்குக் குடற்புழுவும் குளம்பழுகலும் எளிதில் உண்டாகும். மாரி தொடங்குமுன் கொட்டிலின் தரையை மேடாக்கி, கூரையைப் பனையோலையால் வேய்ந்துகொள்க. புழுமருந்தை அரச கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி, ஆட்டின் நிறைக்கேற்ற அளவிற் கொடுக்க வேண்டும். ஒரே மருந்தைக் குறைந்த அளவிற் பலமுறை கொடுத்தால் புழுக்கள் அதற்கு அடங்காதனவாகிவிடும்.

இவ்வாண்டுக் குட்டிகளை விற்குமுன் கமக்காரர் தம் பட்டியை ஒருமுறை நோக்கி, நிறுத்திவைக்க வேண்டிய கடாக்குட்டி எதுவென முடிவுசெய்வாராக. ஏனைய பணிகளை அதன்பின் ஒவ்வொன்றாகத் தொடங்கலாம்.